வளரும் இனிப்பு

வெண்ணி விடிந்ததும் எழுவாள். வேப்பங்குச்சியால் பல் துலக்கி மூன்று முறை வாய் கொப்பளிப்பாள். எதையும் உண்ண மாட்டாள். அவள் கணவன் சாத்தன் பாயைச் சுருட்டி வைப்பான், எழுத்தாணியைத் துடைப்பான். பிறகு இருவரும் ஊர்க்கிணற்றுக்கு நடப்பார்கள். கழிநாட்டில் காலை அப்படித்தான் தொடங்கும்.

கழிநாடு கடலைவிடத் தாழ்ந்த நாடு. கடலுக்கும் ஊருக்கும் நடுவே அலையாத்திக் காடு நின்றது. காட்டுக்கு இப்பால் கிணறு. வெண்ணி அந்தக் கிணற்றின் நாக்குக்காரி. தினமும் முதல் மிடற்றை அவள்தான் விழுங்கிப் பார்க்க வேண்டும். அவள் ‘நல்லது’ என்று கூவினால்தான் மற்றவர்களின் கயிறு இறங்கும். ‘உப்பு’ என்று கூவினால், முதல் குடம் அரண்மனைக்குப் போக வேண்டும். அரசர் குடித்த பிறகே மற்றவர் குடிக்கலாம் என்பது பழைய வழக்கம். அதுவரை யாரும் ‘உப்பு’ என்று கூவ நேர்ந்ததில்லை; எந்த அரசரும் அந்தக் குடத்தைக் கண்டதில்லை. சாத்தன் அரண்மனை எழுத்தன். மனைவி கூவியதை ஓலையில் எழுதுவது அவன் வேலை.

அரசருக்குத் துறைமுகம் வேண்டியிருந்தது. நாட்டில் கப்பல் இல்லை, ஆனாலும் வேண்டியிருந்தது. நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் அக்கரைப் பெட்டகத்திடம் கடன் கேட்டார். பெட்டகம் முதலில் ஒரு படிவம் அனுப்பியது. நாட்டு நிலம் முழுவதும் அதன் மூன்று கட்டங்களில் அடங்க வேண்டும்: விளைநிலம், வீட்டுநிலம், தரிசு.

“அலையாத்திக் காட்டை எதில் எழுதட்டும்?” என்று சாத்தன் கேட்டான்.

பேரமைச்சர் குலசிங்கனார் கண்களை மூடி யோசித்தார். “அதில் நெல் விளையுமா?”

“விளையாது.”

“குடியிருப்போர்?”

“நண்டுகள்தான்.”

“நண்டு வரி கட்டுகிறதா, எழுத்தரே?”

சாத்தன் ‘தரிசு’ என்று எழுதினான். ஒரு சொல்தானே என்று நினைத்தான்.

“காட்டத் தரிசுன்னா எழுதிட்டு வந்தீங்க?” என்றாள் வெண்ணி, அவன் வீடு திரும்பியதும்.

“கட்டம் மூணுதான் புள்ள இருந்துச்சு.”

“நாலாவதா ஒண்ணு போட்டா கை ஒடிஞ்சிடுமா?”

கடன் வந்தது. தரிசு எதுவும் சும்மா கிடக்கலாகாது என்ற நிபந்தனையும் வந்தது. காட்டை வெட்டி இறால் குட்டை தோண்டினார்கள். இறால் அக்கரைக்குப் போயிற்று. குட்டைக் கழிவு இக்கரையில் நின்றது. தடுக்க ஆளில்லாத கடல் ஒரு பகலில் கீழைத்தெரு வரை வந்துவிட்டுப் போயிற்று. அதைத் தடுக்கச் சுவர் எழுப்ப இரண்டாம் கடன். சுவருக்குக் கல் வேண்டும் என்று சுனைக்குன்றை உடைத்தார்கள். குன்றோடு சுனையும் போயிற்று.

இந்நிலையில் இயற்கையைப் பற்றித் தனக்கு ஆழ்ந்த கவலை உண்டு என்று பெட்டகம் எழுதியது. கிணற்றுநீரின் சுவை நாள்தோறும் அறிக்கையாக வர வேண்டும். நல்லது என்று வராவிட்டால் அடுத்த தவணை இல்லை.

அதற்குள் நீர் கரிக்கத் தொடங்கியிருந்தது. பேரமைச்சர் கிணற்றடிக்கே வந்து ஆணையைப் படித்தார்.

“குடிமக்களே, நீர் உப்பாகவில்லை. அது இனிப்பை நோக்கிப் பயணம் செய்துகொண்டிருக்கிறது. இன்று முதல் அந்தச் சுவைக்கு ‘வளரும் இனிப்பு’ என்று பெயர். அறிக்கையில் அதையும் ‘நல்லது’ என்றே எழுத வேண்டும்.”

“சோறு வேக மாட்டேங்குதுங்களே ஐயா” என்றாள் குடத்தோடு நின்ற ஒருத்தி.

“சோறும் வளர்ந்துகொண்டிருக்கிறது, அம்மா.”

யாரோ சிரித்தார்கள். காவலர்கள் திரும்பிப் பார்த்ததும் யாரும் சிரிக்கவில்லை.

பக்கத்து ஊர் மேலைக்கிணற்றின் நாக்குக்காரி கொன்றை, ‘உப்பு’ என்று வாய்திறந்தாள். மறுநாள் குடிமக்கள் ஏட்டுக்கும் மூன்று கட்டங்கள் வந்தன. அவள் பெயர் மூன்றாவதான ‘தரிசு’க்குப் போயிற்று. அவளை ஏற்றிப் போன வண்டி வெறுமையாகத் திரும்பியது. அவள் எங்கே என்று கேட்டால், அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்று அவளைப் பெற்றவர்களே சொன்னார்கள். ஏட்டில் அவள் பெயரை எழுதியது சாத்தன்தான்.

அன்றிலிருந்து தெருவில் வண்டிச் சத்தம் கேட்டால் அவன் எழுத்தாணியைக் கீழே வைத்துவிடுவான். சத்தம் வீட்டைக் கடந்த பிறகே எடுப்பான்.

வெண்ணி கூவுவதை நிறுத்தியிருந்தாள். விழுங்குவாள், தலையசைப்பாள், அவ்வளவுதான். அவன் ‘நல்லது’ என்று எழுதுவான். அவள் கால்கள் வீங்கின. பிறகு முகம் வீங்கிற்று.

“விழுங்காத. துப்பிடு” என்றான்.

“துப்பினா நாக்குக்கு மட்டுந்தான் தெரியும். குடிக்கிறவங்க துப்பவா போறாங்க?”

“நாளைக்கு அக்கரைத் தூதர் நேர்ல வராரு. தலையாட்டினா பத்தாதாம், கூவணுமாம். நல்லதுன்னு சொல்லிடு புள்ள. ஒரு நாள். கொன்றைய நெனச்சுப் பாரு.”

“அவளத்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள்.

மறுநாள் வெண்ணி விடிந்ததும் எழுந்தாள். பல் துலக்கினாள். மூன்று முறை வாய் கொப்பளித்தாள். சாத்தன் பாயைச் சுருட்டினான்.

கிணற்றடியில் தூதர் குடைக்கு அடியில் நின்றிருந்தார். சுற்றிலும் வேல்கள். வெண்ணி ஒரு மிடறு விழுங்கினாள். பிறகு கூவினாள். கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கயிற்றைக் கீழே போட்டார்கள்.

“என்ன சொன்னாள்?” என்று ஊர்ப்பேச்சு தெரியாத தூதர் கேட்டார்.

“நல்லது என்கிறாள்” என்றார் குலசிங்கனார்.

வெண்ணி கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு வாங்கினாள். சாத்தன் போய்த் தாங்குவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. காவலர்கள் அவனை விலக்கி, அவள் முகத்தையும் மூடி ஒரு துணியைப் போர்த்தினார்கள். தெருமுனையில் வண்டி வந்து நின்றது.

பேரமைச்சர் ஓலையை நீட்டினார். “‘நல்லது’ என்று எழுதும். எழுதினால் இவளை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.”

“இல்லன்னா?”

“இவளுக்கும் மூன்றாம் கட்டம். வண்டி காத்திருக்கிறது.”

சாத்தன் எழுதினான். அவளைத் தூக்கிக்கொண்டு போனான்.

அந்த ஓலை, தெளிவான கையெழுத்துக்காகப் பெட்டகத்தின் பாராட்டைப் பெற்றது. இப்போது கடன் கேட்கும் நாடுகளுக்கெல்லாம் படிவத்தோடு சேர்த்து அதை மாதிரியாக அனுப்புகிறார்கள். உங்கள் நாட்டுக்கும் வந்திருக்கலாம். வந்திருந்தால் கடைசி வரியைப் பாருங்கள். ‘நாக்குக்காரி வெண்ணி: நல்லது’ என்று இருக்கும்.

அன்று அவள் கூவியது அதுவல்ல. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, தூதரைப் பார்த்துக் கூவினாள்:

“உப்பு. மொதக் குடம் அரமனைக்கு.”