அஞ்சாம் நம்பர் மதாம்

புதுச்சேரியில் கடல்காற்றைத் தோற்கடித்த காற்று ஒன்று உண்டென்றால், அது எங்கள் ஆபீசில், சூப்பரின்டெண்டன்ட் மதாமின் தலைக்கு மேல் அடித்த காற்றுதான். ஃபேன் எப்போதும் ஐந்தில் ஓடும். மார்கழியிலும் ஐந்துதான். அவருக்குப் பெயரே அஞ்சாம் நம்பர் மதாம்.

புதிதாகச் சேர்பவருக்கு மற்ற ஆபீசுகளில் டீ வாங்கித் தருவார்கள். மதாம், கடற்கரையில் பொறுக்கிய கல் ஒன்றைத் தருவார், காகிதம் பறக்காமலிருக்க. என் கவலை காகிதமல்ல. இடது காதோரம் வளர்த்து, வழுக்கையைத் தாண்டி வலது காதுவரை இழுத்துவந்த என் முடி. அதன்மேல் எந்தக் கல்லை வைப்பது?

வீட்டிலும் ஃபேனால்தான் சண்டை. கொஞ்ச நாளாக மனைவி ஃபேனை ஐந்தில் வைப்பாள், நான் இரண்டுக்கு இறக்குவேன். அவள் தலையணையோடு கூடத்துக்குப் போய்விடுவாள். என்னையே பிடிக்காமல் போய்விட்டதோ என்று பயம். கேட்கத் தைரியமில்லை. அந்தக் கடுப்பில்தான் ஒருநாள் ஆபீஸ் ரெகுலேட்டரில் கை வைத்தேன்.

மதாம் எழுந்து நின்றார். “யாருய்யா ஃபேனைக் கொறைச்சது?”

“குளுருது மதாம்.”

“எனக்குத் தீட்டு நிக்கிற வயசுய்யா. திடீர்னு உள்ளேர்ந்து அடுப்பு எரியுது. உங்க வூட்லயும் எரியும், கேட்டீங்களா?”

ஆண்கள் அத்தனை பேரும் புதிதாக வாங்கியிருந்த செல்போனை உற்றுப் பார்த்தோம். பாம்பு விளையாட்டைத் தவிர அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“தலைய நிமித்துங்கய்யா! இது சீக்கு இல்ல. தூக்கம் வராது, கோவம் வரும், வேர்த்துக் கொட்டும். ரொம்ப முடியலன்னா டாக்டரப் பாக்கணும். நின்னுபோனப்புறம் மறுபடி ரத்தம் பட்டா தள்ளியே போடக்கூடாது. வூட்ல போய்ச் சொல்லுங்க.”

“கோவம் கல்யாணமான நாள்லேர்ந்தே இருக்குதே மதாம்?” என்றேன்.

“அது உன்னாலய்யா!”

அன்று வீட்டில் நானே ஃபேனை ஐந்தில் வைத்தேன். மனைவி சந்தேகமாகப் பார்த்தாள்.

“என்னாத்துக்கு இம்மாம் பாசம்? எதுனா பண்ணிட்டு வந்தீங்களா?”

மதாம் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவள் ஃபேனுக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு மட்டுந்தான் என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துக்கினு இருந்தேன்” என்றாள்.

தலையணை கூடத்திலிருந்து திரும்பி வந்தது. என் முடிதான் வரவில்லை.

மதாம் ஓய்வுபெற்ற மறுநாள், அந்தக் காலி நாற்காலிக்கு மேலே ஃபேன் ஐந்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குறைக்க ஒருவருக்கும் கை போகவில்லை. நான் மஃப்ளரை இழுத்துச் சுற்றிக்கொண்டு, அவர் தந்த கல்லை எடுத்துக் காகிதத்தின்மேல் வைத்தேன்.