மச்சானைக் கொன்ற சமக்குறி

பெருமதிப்பிற்குரிய லோகேஸ்வரன் மச்சான் அவர்களுக்கு, கியா பார்மிலிருந்து முருகையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சரோஜாவும் கல்யாணப் பெண்ணான மகள் சசிரேகாவும் நலம். ரிங்லெட்டில் நீங்களும் நலமே என்பதைப் போனில் திட்டிய சத்தத்திலிருந்து தெரிந்துகொண்டேன். அதன்பிறகு நீங்கள் போனை எடுக்காததால் இந்தக் கடிதம்.

நடந்தது இதுதான். தேயிலைத் தோட்டத்து மரணச் சகாயச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில், சங்கத்தின் வலைப்பக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட் என்ற கணினி மொழியில் நானே எழுதினேன். பதிவில் ஓர் உறுப்பினருக்கு நேரே ஒன்று என்றிருந்தால் அவர் காலமானவர். உடனே அனுதாபச் செய்தியும், லோரியில் கூடாரமும் நாற்காலிகளும் போக வேண்டும். "ஒன்றா?" என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று போட்டுவிட்டேன். ஒற்றைச் சமக்குறி கேட்காதாம் மச்சான், "ஒன்றாக்கு" என்று கட்டளையிடுமாம். அது பாட்டுக்கு வரிசையாகப் போய், என்னையும் சேர்த்து சங்கம் மொத்தத்தையும் அமரராக்கிவிட்டது. லோரி ரிங்லெட்டிலேயே நிற்பதால் முதலில் உங்கள் வாசலுக்கு வந்தது. ஓட்டுநர் தினேஸ்வரன் உங்களையே பார்த்து, "ஐயா, நீங்க போயிட்டீங்கன்னு மெசேஜ் வந்திருக்கு லா. நாற்காலிய எங்க எறக்கறது?" என்று கேட்டானாம். அவன் கடமையைச் செய்தான், அவனைக் கோபிக்க வேண்டாம். ஆனால் நீங்கள், "செத்தவன் எப்படிடா தாய்மாமனா மணவறைக்கு வருவான்? வேற ஆளப் பாத்துக்க!" என்று சொல்லிப் போனை வைத்ததிலிருந்து இங்கே அடுப்பு எரியவில்லை. "எங்கண்ணன் வராம எம்மவ கழுத்துல தாலி ஏறாது. நீங்களாச்சு, உங்க கம்ப்யூட்டராச்சு" என்று சரோஜா சொல்லிவிட்டாள்.

நான் விடுகிற ஆள் இல்லை. உட்கார்ந்து அந்தக் கணினி மொழியின் குறிகள் அத்தனையும் படித்தேன். பதிவின் பழைய நகலை ஏற்றி எல்லாரையும் உயிர்ப்பித்தேன். இரண்டு குறி போட்டால் கேட்கும். மூன்று போட்டால் இன்னும் கறாராகக் கேட்கும். உங்கள் உயிர் விஷயமாயிற்றே, இரண்டோடு நிறுத்துவேனா? மூன்றே போட்டுவிட்டேன். இனி இந்தச் சங்கம் யாரையும் அவசரப்பட்டு அனுப்பிவைக்காது. ஆகவே வரும் ஞாயிறு பிரிஞ்சாங் கோயிலுக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். வரும்வரை முகூர்த்தத்தை நிறுத்திவைப்பேன்.

அண்ணிக்குச் சரோஜா அன்பைச் சொல்லச் சொன்னாள். நீங்கள் நூறாண்டு இருந்து எங்களை ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
முருகையா

பி.கு.: மூன்று குறி, எண்ணா எழுத்தா என்றும் பார்க்குமாம். பழைய பதிவுகளை ஏற்றிய ஆபீஸ் கணக்கர் கிராணி, ஒன்றை எண்ணாகப் போடாமல் எழுத்தாகப் போட்டிருக்கிறார். அதனால் இப்போது நம் சங்கத்தில் இதுவரை யாருமே இறக்கவில்லை. காலமான அத்தனை பேருக்கும் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைப்பு போய்விட்டது. ஒரு குறியை எடுக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதுவரை, காலஞ்சென்ற உங்கள் அப்பாவின் போன் உங்களிடம்தானே இருக்கிறது, தயவுசெய்து அதைத் திறக்காதீர்கள். அந்த அழைப்பில் "நேரில் வரத் தவறினால் கடும் நடவடிக்கை" என்று வேறு எழுதியிருக்கிறேன்.