வாலை வெட்டிய அலுவலகமும் ஓடைக்கரை அழுங்கும்

ஒரு காட்டில், சிங்கம் மாற்றலாகிப் போன பிறகு, வளைப் பதிவு அலுவலகம்தான் ஆட்சி நடத்திக்கொண்டிருந்தது. எந்த வளையில் யார் குடியிருக்கிறார்கள் என்ற விவரமெல்லாம் அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. அதற்குச் செயலி எழுதிக் கொடுத்த மீன்கொத்தி வேறு காட்டில் நல்ல வேலை கிடைத்துப் பறந்துவிட்டது. அடுத்த வாரமே செயலி திறக்க மறுத்தது.

அதே வாரத்தில்தான் பவளாயிக்கு நோட்டீஸ் வந்தது.

பவளாயி ஓர் அழுங்கு, உடம்பெல்லாம் செதில் போர்த்த எறும்புத்தின்னி. ஓடைக்கரையில் பதினோரு வருடமாகக் குடியிருந்தாள். குட்டி பிறந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. 'உமது வளை தன்னுடையது என்று காட்டுப்பன்றியார் மனு கொடுத்துள்ளார். வெள்ளிக்கிழமைக்குள் பதிவைக் காட்டாவிட்டால் காலி செய்யவும்' என்றது நோட்டீஸ். காட்டுப்பன்றியின் மூக்குகூட அந்த வளைக்குள் நுழையாது. ஆனால் மனுவில் மூக்களவு கேட்கும் கட்டம் இல்லை.

குட்டியைச் சுமந்துகொண்டு அவள் அலுவலகத்துக்கு ஓடினாள். பதிவு அதிகாரி காட்டெருமை அசைபோட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, போன மாசம்தான் பதிவைப் புதுப்பிச்சேன். நீங்கதானே டைப் பண்ணீங்க?"

"பண்ணினேன்மா. யார் இல்லைன்னா? ஆனா அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. நாம வெளியில இருக்கோம்."

கம்ப்யூட்டரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று பெரியது, பெயர் 'பதிவு'. இன்னொன்று அதே பெயருடன் கடைசியில் 'வால்' என்று சேர்ந்திருந்த சின்னக் கோப்பு. காட்டெருமை பெரியதை நோட்பேடில் திறந்து காட்டினார். திரை முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியுமாக வந்தது.

"பாத்தியா? கெட்டுப்போச்சு. ஆலோசகரைக் கூப்பிட்டிருக்கோம்."

ஆலோசகர் நரி. கழுத்தில் அடையாள அட்டை தொங்க வந்து, திரையைத் தொடாமலேயே அரை மணி நேரம் பார்த்து, நாற்பது பக்க அறிக்கை கொடுத்தார். 'இக்கோப்பு திறக்க இயலாதது. பெரிய சர்வர் நிறுவி, மூன்றாண்டுத் திட்டம் தீட்ட வேண்டும்.' காட்டெருமை அதில் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். தகவல் கேட்கும் படிவத்தில் பவளாயி எழுதிக் கொடுத்ததும், இரண்டு கோப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்து, முத்திரை குத்திக் கொடுத்தார். திறக்காத கோப்பைக் கொடுப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்?

தேக்கு மரத்தடியில் ஈட்டியப்பன் என்ற முள்ளம்பன்றி செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். பவளாயி செவ்வாய்க்கிழமை அவனிடம் போனாள்.

"தம்பி, இது சர்வர் இருந்தாத்தான் திறக்குமாமே?"

ஈட்டியப்பன் பென்டிரைவைச் செருகிப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, இது செயலியோட வயித்துக்குள்ளயே வச்சுக் கட்டின டேட்டாபேஸ். சர்வரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். மொத்தப் பதிவும் இந்த ஒரு கோப்புக்குள்ள அட்டவணை அட்டவணையா உக்காந்திருக்கு. நோட்பேடு எழுத்தைத்தான் படிக்கும். இதைப் படிக்கிறதுக்குன்னே இலவசமா ஒரு செயலி கிடைக்குது."

"அந்தச் சின்னது எதுக்கு?"

"வாலா? அதுதான் முக்கியம். கடைசியா டைப் பண்ணினது முதல்ல வாலுக்குத்தான் போகும். அப்புறம்தான் பெரிய கோப்புல சேரும். அதுக்குள்ள செயலி படுத்துட்டா, வாலுலயே நிக்கும். ரெண்டையும் ஒண்ணா வச்சுத்தான் திறக்கணும்."

இரண்டே நிமிடத்தில் கோப்பு திறந்தது. 'வளை எண் 212, பவளாயி, ஓடைக்கரை. புதுப்பிக்கப்பட்டது: போன மாதம் எட்டாம் தேதி.' பவளாயி அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு குட்டியைத் தூக்கித் திரைக்கு நேராகக் காட்டினாள். அதற்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் காட்டினாள்.

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு இருவரும் போனார்கள். காட்டுப்பன்றி முன்வரிசையில் படுத்திருந்தது. ஈட்டியப்பன் திரையில் வரியைக் காட்டியதும் காட்டெருமையின் அசைபோடல் நின்றது.

"திறக்க இயலாதுன்னு நான் கையெழுத்துப் போட்ட கோப்பு இது. எப்படித் திறந்தே?"

"பூட்டே இல்லீங்க ஐயா. சும்மா திறந்தேன்."

"பூட்டில்லாத வீட்டுக்குள்ள புகுந்தேன்கிறியா? அதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

பவளாயி குறுக்கே வந்தாள். "ஐயா, அவனை விடுங்க. உங்க கம்ப்யூட்டர்லயே திறந்து பாருங்க. அசல் அங்கதானே இருக்கு?"

மறுக்க வழியில்லை. ஈட்டியப்பன் அலுவலகக் கம்ப்யூட்டரில் அதே இலவசச் செயலியைப் போட்டான். கோப்பு அங்கும் திறந்தது. வளை எண் 212 வந்தது, பவளாயி பெயரும் வந்தது. ஆனால் பதிவு போன மாதத்தோடு காலாவதி என்றிருந்தது. புதுப்பித்த வரியைக் காணவில்லை.

ஈட்டியப்பனுக்கு முள்ளெல்லாம் சிலிர்த்தது. "இங்க இருந்த வால் எங்கே?"

நரி தொண்டையைச் செருமினார். "அந்தக் குப்பையா? வியாழக்கிழமை கம்ப்யூட்டரைச் சுத்தம் பண்ணினப்போ வெட்டிட்டோம். இடத்தை அடைச்சுக்கிட்டிருந்தது."

"ஐயா, அதுக்குள்ளதான் அக்காவோட பதிவு இருந்துச்சு! எங்க நகல்ல வால் பத்திரமா இருக்கு, பாருங்க. உங்க முத்திரையே இருக்கு."

காட்டெருமை முத்திரையைப் பார்த்தார். அவருடையதுதான். அந்தப் புதுப்பித்தலை டைப் செய்ததும் அவர்தான், அதுவும் ஞாபகம் இருந்தது. ஆனால் நரியின் அறிக்கை தப்பென்றால், அதன் அடியில் இருக்கும் தன் கையெழுத்தும் தப்பு.

"நகல்ல இருக்கு. அசல்ல இல்லை" என்றார் நிதானமாக. "ரெண்டும் ஒத்துப்போகலைன்னா நகல்தான் தப்புன்னு அர்த்தம். சட்டம் அப்படி."

"நீங்கதானேய்யா என் கண்ணு முன்னால டைப் பண்ணீங்க!" என்று பவளாயி கத்தினாள். அழுங்குகள் கத்துவதில்லை. சுருண்டுகொள்ளத்தான் செய்யும். அவள் அன்றைக்குச் சுருளவில்லை.

"பண்ணினேன்மா. யார் இல்லைன்னா?" என்றார் காட்டெருமை.

தீர்ப்பு எழுதப்பட்டது. ஓடைக்கரை வளை காட்டுப்பன்றிக்கு. பூட்டில்லாத கோப்பைத் திறந்த குற்றத்துக்காக ஈட்டியப்பனின் கடைக்கு ஒரு மாதம் சீல். கோப்பைச் சுத்தமாக வைத்திருந்ததற்காக நரிக்குப் பொன்னாடை.

பவளாயி குட்டியுடன் ஓடையைத் தாண்டி எதிர்க்கரைக்குப் போனாள். நான்கு நாள் தோண்டினாள். கடை இல்லாததால் ஈட்டியப்பனும் வந்து மண் தள்ளினான். பழையதைவிட நல்ல வளையாகவே அமைந்தது.

"இதை எப்பக்கா பதிவு பண்ணப் போறே?" என்று கேட்டான்.

"பதிவு பண்ணினாத்தானே எண் கொடுப்பாங்க? எண் இருந்தாத்தானே நோட்டீஸ் அனுப்புவாங்க?" என்று சொல்லிவிட்டு, பவளாயி குட்டியை உள்ளே தள்ளி, தானும் நுழைந்துகொண்டாள்.

நீதி: எந்தக் கோப்பையும் திறக்கும் முன் நகல் எடுங்கள், அதன் வாலை வெட்டாதீர்கள். இரண்டையும் சரியாகச் செய்துவிட்டீர்களானால், வேறு இடத்தில் குழி தோண்டத் தயாராக இருங்கள்.