ஆற்றுக்கு வேண்டிய தலை

கோப்பெங், மலேசியா

அன்பு மகன் யுகேந்திரனுக்கு,

அப்பா சின்னையா எழுதுவது. இங்கே நானும் ஆறும் சுகம். அங்கே சிங்கப்பூரில் நீயும் மருமகள் சரளாவும் சுகமாக இருப்பதை வாட்ஸ்அப் படத்தில் பார்த்துக்கொண்டேன். போன் அடித்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா" என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். இது மீட்டிங் முடியும்வரை மேசையில் பேசாமல் கிடக்கும்.

விஷயம் என்னவென்றால், நம் ஆற்றில் கரண்டு எடுக்கப்போகிறார்களாம். கூட்டம் போட்டார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் உண்டு என்றதும் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் ஆஜர். ஈப்போவிலிருந்து கௌசிகா என்று ஒரு எஞ்சினியர் பெண் வந்திருந்தாள். இங்கிலீஷிலேயே படித்த பிள்ளை. பாவம், நமக்காக வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கி, "இந்த ஆத்துல தண்ணி கொஞ்சந்தான். ஆனா கவலை இல்ல, இங்க நல்ல தலை இருக்கு. தலை கெடச்சா கரண்டு வந்துரும்" என்றாள். அவ்வளவுதான். பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் மனுஷத் தலையைப் புதைப்பார்கள் என்று தோட்டத்தில் உன்னைப் பயமுறுத்தியது மறந்திருக்காது. மங்களம் அக்கா எழுந்து, "யாரு தலைலா? மொதல்ல ஒங்க கம்பெனிக்காரன் தலைய வைக்கச் சொல்லு!" என்று கத்த, ராமையா பொட்டலத்தோடு ஓடியவன்தான், இன்றுவரை காய்கறி வாங்கப் போனாலும் ஹெல்மெட்டைக் கழற்றுவதில்லை. நான் மட்டும் ஓடவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. என் தலை காணாமல் போனால் யார் தேடுவார்கள் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

குழாய் நம் வீட்டுக்குப் பின்னால் போகிறதாம், என் சம்மதம் வேண்டுமாம். அதனால் அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். தலை என்றால் தண்ணீர் விழுகிற உயரமாம், இங்கிலீஷில் 'ஹெட்' என்பதை அப்படியே தமிழாக்கிவிட்டாளாம். அதைக் காட்ட நம் பழைய மேசை விசிறியின் கம்பி மூடியைக் கழற்றி, இறக்கைமேல் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். தாழ்வாக ஊற்றினால் சும்மா அசைந்தது. நாற்காலிமேல் ஏறி ஊற்றினால் கிறுகிறுவென்று சுற்றியது. சமையலறையில் வெள்ளம். மேலே ஆற்றில் சின்னத் தடுப்பு, அங்கிருந்து மலைச்சரிவில் குழாய், கீழே ஒரு சக்கரம், அது சுற்ற ஜெனரேட்டர் சுற்றும், கரண்டு வரும். கட்டுவதற்குத்தான் பெருஞ்செலவாம், அப்புறம் எண்ணெய் வேண்டாம், நிலக்கரி வேண்டாம், புகை இல்லை. மழை பொய்த்தால் கரண்டும் பொய்க்கும். தண்ணீர் செலவாகாமல் கீழே போய் ஆற்றிலேயே சேர்ந்துவிடும்.

"அப்ப நடுவுல ஆத்துல என்னம்மா ஓடும்?" என்றேன்.

"கொஞ்சம் தண்ணி விட்டுருவோம் அங்கிள். மீனுக்கு."

மீனுக்கு விடுவார்கள், எனக்கு? நம் வீடு அந்த நடுவில்தானே இருக்கிறது. உன் அம்மா போனபிறகு இந்த வீட்டில் ஓயாமல் பேசுவது அந்த ஆறு ஒன்றுதான். அதையும் குழாய்க்குள் விட்டு மூடிவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவது? ஊருக்கு வருகிற வெளிச்சத்தைத் தடுக்கவும் மனசு இல்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. நீயும் எஞ்சினியர்தானே, நேரில் வந்து விளக்கும்வரை கையெழுத்துப் போடமாட்டேன்.

நீங்கள் இருவரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, குறைவில்லாமல் இருக்க நம் தோட்டத்து மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். அவளுக்குத்தான் மீட்டிங் கிடையாது.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உறையை ஒட்டும்போது கௌசிகா மறுபடி வந்தாள். "இப்பவாச்சும் புரிஞ்சிச்சா அங்கிள்?" என்றாள். "இல்லம்மா, தலையே சுத்துது" என்றேன். சிரித்துவிட்டுத் திரும்பவும் நாற்காலிமேல் ஏறினாள். அடுத்த வாரமும் வருகிறாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன், விசிறி முதல் தடவை சுற்றியபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கையெழுத்தும் அன்றைக்கே போட்டு அலமாரியில் வைத்துவிட்டேன். நீ வந்து விளக்க ஒன்றும் இல்லை. சும்மா ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போ.