காத்தமுத்துவின் முழங்காலும் கொலாஜன் டப்பாவும்

தேயிலைக்குக் கொப்புள நோய் வருவதுபோல, இரண்டாயிரத்து ஏழில் எங்கள் தோட்டங்களுக்கு ஓர் இனம் வந்து சேர்ந்தது: டப்பா பக்தர்.

அவரிடம் தப்பித்தவறியும் "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டுவிடாதீர்கள். உடம்பில் கொலாஜன் என்ற புரதம் குறைந்தால் முட்டி தேய்வதும், முகம் சுருங்குவதும், முடி கொட்டுவதும், தூக்கம் கெடுவதும், மருமகள் எதிர்த்துப் பேசுவதும் எப்படி என்று விளக்கி, ஒரு கரண்டித் தூளை வெந்நீரில் கலக்கி உங்கள் வாயருகே நீட்டிய பிறகுதான் மூச்சு விடுவார். டாக்டரா? இல்லை. கொழும்பில் டப்பா விற்கும் கம்பெனியின் கூட்டத்துக்குப் போய்வந்தவர்.

ஓப்பநாயக்க ஊர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற கங்காணி காத்தமுத்து இந்த இனத்துக்குத் தலைவர். அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவில் கரகம் தூக்கும் பாக்கியம் அவருக்குக் கிடைத்தது. ஆயுள் முழுக்க ஏங்கிய பாக்கியம். விரதக் காப்புக் கட்டினார். கவிச்சி நின்றது, சாராயமும் நின்றது. டப்பாத் தூள் மட்டும் நிற்கவில்லை. முகம் தெளிந்தது, முட்டி வலி போயிற்று. பெருமை யாருக்கு? டப்பாவுக்கு! மனைவி வெள்ளையம்மா மாசிக் கருவாடு இடித்த வாசத்துக்கே, விரதம் கெடும் என்று நாள் முழுக்கக் குதித்தார் காத்தமுத்து.

திருவிழாவுக்கு முதல்நாள் கற்பூரம் வாங்க இருவரும் பெல்மதுளைக்குப் போனார்கள். கடைக்காரர் ஹுஸைனிடமும் டப்பாவை நீட்டினார் காத்தமுத்து. ஹலாலா என்று பார்க்காமல் எதையும் வாயில் வைக்காத ஹுஸைன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தார்.

"ஹலால் முத்திரை இல்லையே கங்காணி. மாட்டுத்தோல்ல எடுத்ததுன்னு போட்டிருக்கு. எனக்கு வேணாம்."

வெள்ளையம்மா திரும்பினாள். "மாசிக்கு அந்தக் குதி குதிச்சீங்க. இப்ப இந்தத் தோலோட அம்மன் முன்னால போய் நிப்பீங்களா?"

பாவம் மனிதர்! விரதம் கெட்டது, கரகத்தைத் தொட முடியாது. உண்மையைச் சொன்னால் தன் மானம் போகும். முட்டி வலி என்று சொன்னால் டப்பாவின் மானம் போகும். எதை விடுவது?

மறுநாள் கோயிலுக்கு நொண்டிக்கொண்டே வந்தார். கரகம் வேறொருவர் தலைக்கு ஏறியபோது நிஜமாகவே அழுதார்.

"என்னங்க கங்காணி, முட்டி சுகமாயிருச்சுன்னீங்க?" என்று கேட்டார் கூட்டத்தில் ஒருவர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டப்பா தீர்ந்துபோச்சுங்க. விட்டதும் வலி வந்திருச்சு பாருங்க! அப்படிப்பட்ட மருந்து!"

அங்கேயே மூன்று பேர் டப்பாவுக்குச் சொல்லிவைத்தார்கள். காத்தமுத்து குரலைத் தாழ்த்தினார்: "ஆனா காப்ப அவுத்த பிறகு குடிங்க."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் நடுவில் ஏன் உங்கள் வீட்டு மருந்து அலமாரிப் பக்கம் பார்க்கிறீர்கள்?