கதிரவனின் முப்பத்திரண்டு கம்பிகள்

திருத்தங்கல்,
செவ்வாய்க்கிழமை.

மதிப்புக்குரிய சின்னச்சாமி மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகன் ஜெயபாண்டி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அத்தையின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். எனக்குத்தான் வயிறு எரிகிறது. காரணம் உங்கள் மகன் கதிரவன். போனில் கூப்பிட்டால் அவனே எடுத்துவிடுவான்; அதனால் அம்மாவிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

வீட்டிலிருந்தே உலகத்தோடு காற்றில் பேச உரிமம் தருகிற அமெச்சூர் ரேடியோ பரீட்சையை நானும் அவனும் ஒரே நாளில்தான் எழுதினோம். அவனைவிட எனக்கு நான்கு மதிப்பெண் அதிகம். ஆனால் ஜப்பான்காரன் அவனோடுதான் பேசுகிறான். தரையில் நடும் ஆண்டெனாவுக்குக் கம்பம் மட்டும் போதாது மாமா. அதன் அடியிலிருந்து சக்கரத்து ஆரம்போல எல்லாப் பக்கமும் செம்புக் கம்பி புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் அனுப்புகிற சக்தியில் பாதி மண்ணைச் சூடாக்கவே போய்விடும். ஆமத்தூரில் உங்கள் தரிசு ஒரு ஏக்கர். முப்பத்திரண்டு கம்பியைப் பதித்துவிட்டான். எனக்கு இருப்பது லைன் வீட்டில் ஒரு வாசல்படி. காற்றில் பேசக்கூட இந்த நாட்டில் பட்டா வேண்டியிருக்கிறது. எங்கள் தெரு செய்கிற வெடியின் சத்தம் தேசமெல்லாம் கேட்கிறது. எங்கள் குரல் திருத்தங்கலைத் தாண்டவில்லை.

சரியென்று தெருக்காரர் வாசல்களில் கெஞ்சிப் பதினான்கு கம்பி புதைத்தேன். எதிர்வீட்டு பாண்டிச்செல்வி அக்கா, "ஏலே, கரண்டு அடிச்சு எம்புள்ள விழுந்தா ஒன் ஜப்பான்காரனா வந்து தூக்குவான்?" என்றார். அடிக்காது என்று காட்ட ஒரு பகல் முழுக்க வெறுங்காலோடு கம்பி மேல் நின்றேன். அய்யம்மாள் மதினி ஆட்டுக்கு முளை அடித்ததில் மூன்று அறுந்தன. குழாய்க்குத் தோண்ட வந்தவர்கள் ஐந்தை வெட்டி, செம்பு என்று தெரிந்ததும் சுருட்டிக்கொண்டு போனார்கள். மிச்சம் ஆறு. இதைச் சொன்னால் கதிரவன், "அம்புட்டுதானா மாப்ள? இங்கன இன்னும் முப்பத்திரண்டு போட எடம் கெடக்கே" என்கிறான்.

ஆகவே மாமா, அந்தத் தரிசை ஆழ உழுது சோளம் போடுங்கள். நாட்டுக்கு விவசாயம்தானே முக்கியம்? டிராக்டர்காரர் பத்திரகாளியிடம் பேசிவிட்டேன். வியாழக்கிழமை காலை வருவார். நீங்கள் தலையாட்டினால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். கதிரவனுக்குக் கொடுத்த ஆசியில் பாதியாவது எனக்கும் கொடுங்கள்.

அன்புள்ள மருமகன்,
ஜெயபாண்டி

பி.கு.: அம்மா சேலை மாற்றுகிற நேரத்தில் ரேடியோவில் கூப்பிட்டுப் பார்த்தேன். இருபது தடவை கூப்பிட்டும் உலகத்தில் ஒருவரும் பதில் சொல்லவில்லை. பிறகு ஒரு குரல் வந்தது: "கேக்குதுலே மாப்ள! ஆறு கம்பியில எப்படிலே இம்புட்டுத் தெளிவா வார? சாப்பிட்டியா?" கதிரவன்தான். பேச்சு முடிவதற்குள் அம்மா இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். கடிதத்தைக் கிழித்திருப்பேன், ஆனால் டிராக்டர் வேண்டாம் என்று சொல்லக் கூப்பிட்டால் பத்திரகாளி போனை எடுக்க மாட்டேன் என்கிறார். டிராக்டர் வந்தால் வரப்பிலேயே மறித்துவிடுங்கள் மாமா. அந்தக் கம்பிகள் போய்விட்டால், நான் கூப்பிட்டால் ஏனென்று கேட்க ஆளில்லை.