வாலாஜாபாத்தில் திறக்காத பலகைக் கதவு

தொழிற்சாலைக் கொட்டகை வரைந்து பழகிய கையை நம்பி யாரும் ஒரு பழைய தெருவை ஒப்படைக்கக் கூடாது. என்னிடம் ஒப்படைத்தார்கள்.

ஒரகடத்தில் ஒரு சின்னக் கட்டட வரைவு அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். கொட்டகை, கேன்டீன், கழிப்பறை. அதிலும் கழிப்பறை என்றால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். (பெருமையாகத்தான் இருந்தது, என்ன செய்ய!) வாலாஜாபாத் பழைய கடைத்தெருவில் வியாபாரிகள் சங்கம் நடத்தும் ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தை, பக்கத்தில் காலியாகக் கிடந்த அரிசிக் கடையையும் சேர்த்துப் பெரிதாக்கும் வேலை எங்களுக்கு வந்தது. "இத நீ பண்ணு. சரியா வந்தா இனிமே தனியா வேல தரேன். சொதப்புனா திரும்ப டாய்லெட்தான்" என்றார் முதலாளி.

நான் முதலில் கொண்டுபோன வரைபடத்தில் முகப்பு முழுக்கக் கண்ணாடி. சங்கத் தலைவர் ஏகாம்பரம் ஐயா நெல் வியாபாரி. படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் கீதும்மா. காரெல்லாம் எங்க நிக்க வச்சி விப்பீங்க?"

வெட்கத்தோடு திரும்பிப் போய்த் தெருவை ஒழுங்காகப் பார்த்தேன். பழைய கடைகளுக்கெல்லாம் பலகைக் கதவு. மேலும் கீழும் உள்ள மரக்காடியில் ஒவ்வொரு பலகையாகச் சொருகி மூட வேண்டும். ஒவ்வொன்றாக உருவித் திறக்க வேண்டும். புதுப் பகுதிக்கும் அதையே வைத்தேன். ஓட்டுச் சாய்ப்பு, மரத்தூண், பலகைக் கதவு. ஏகாம்பரம் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

தெருக்காரர்களின் பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து இருந்தது. அது எனக்கு அசிங்கமாகப் பட்டது. என் கணவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். இடைவெளியைப் பார்த்தால் அவருக்குத் தூக்கம் வராது. விடுமுறை நாட்களில் இருவரும் மரப்பட்டறையிலேயே பழியாய்க் கிடந்து, ஒவ்வொரு பலகையையும் அளந்து அளந்து இழைக்க வைத்தோம். மாட்டிப் பார்த்தபோது நடுவில் தாள்கூட நுழையவில்லை.

"இன்னா பிட்டிங்கு பாத்தியா! ஜப்பான்காரன் வந்தாகூட பாஸ் பண்ணுவான்" என்றார் கணவர். எனக்கும் பூரிப்புத் தாங்கவில்லை.

திறப்பு விழா மழைக்காலத்தில். மழைக்கு மரம் உப்பும் என்பது நான் கல்லூரியில் படித்த பாடம்தான். (அந்தப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வேறு.)

விழா ஏற்பாடும் என்னுடையதே. பலகைகள் மூடியிருக்கும். உள்ளே ஏகாம்பரம் ஐயா ஏற்றிய விளக்கோடு காத்திருப்பார். சுவிட்சைப் போட என் கணவர் கூட நிற்பார். மேளம் கொட்ட, தலைமை விருந்தினரான அதிகாரி அம்மா முதல் பலகையை உருவியதும் உள்ளே ஒளிவெள்ளம். ஐயாவும் கணவரும் பின்பக்க நடைவழியாக உள்ளே போனதும், அந்த நடையில் பாக்கியிருந்த சிமெண்ட் தரையை முடித்துவிடும்படி மேஸ்திரியிடம் சொன்னேன். நேரத்தை வீணாக்காமல் வேலை வாங்குகிறேனாம்.

விழாவுக்கு முதல் நாள் முழுக்க அடைமழை. மறுநாள் மேளம் கொட்டியது. அதிகாரி அம்மா பலகையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. புன்னகையோடு இன்னொரு முறை இழுத்தார். பிறகு புன்னகை இல்லாமல் இழுத்தார். நிறுத்துவதா வேண்டாமா என்று தெரியாத மேளக்காரர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தட்டிப் பார்த்தார்கள்.

"அல்லாம் ஒரே பலகையா ஆயிட்சு" என்று தீர்ப்புச் சொன்னார் மளிகைக் கடைக்காரர்.

உள்ளேயிருந்து ஏகாம்பரம் ஐயாவின் குரல் கேட்டது. "ஏம்மா, வெளிய இன்னாம்மா நடக்குது?"

"ஒரே நிமிஷங்க ஐயா!"

"வெளக்குல எண்ணெ தீந்துகினு கீது. எங்களயும் காட்சிப் பொருளா வச்சிட்டியா?"

கூட்டம் சிரித்தது. அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. முதலாளி என்னைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி வாழ்நாளெல்லாம் வரையப்போகும் கழிப்பறைகள் வரிசையாகக் கண்முன் நின்றன.

சற்று நேரத்தில் தெருமுனையிலிருந்து இருவர் நடந்து வந்தார்கள். முன்னால் ஏகாம்பரம் ஐயா, கையில் அணையாத விளக்கு, கணுக்கால் வரை ஈரச் சிமெண்ட். பின்னால் என் கணவர், ஒரு காலில் மட்டும் ஷூ. இன்னொன்று பின் நடையின் ஈரத் தரையிலேயே தங்கிவிட்டதாம். அதைப் பார்த்துத்தான் அதிகாரி அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை அடக்க முடியாமலே விளக்கை வாங்கி உயர்த்திக் காட்டி, "தெறந்துட்டதா வச்சிக்கலாம்!" என்று நடுத்தெருவில் அறிவித்தார்.

வெயில் வந்து மரம் காய்ந்ததும் பலகைகளை உருவி, மரியாதையாக விரல் சந்து விட்டு இழைத்தோம். பின் நடையின் தரையைப் பெயர்க்க மட்டும் ஏகாம்பரம் ஐயா விடவில்லை. "அதுவும் ஊரு சரித்திரந்தாம்மா" என்றுவிட்டார். வருகிறவர்கள் பழைய தராசுகளையும் நெல் அளக்கும் மரக்கால்களையும் தாண்டி, முதலில் அந்தக் காலடித் தடங்களைத்தான் தேடிப் போகிறார்கள். அருங்காட்சியகத்துக்கு இப்படிக் கூட்டம் வருவதைப் பார்த்து முதலாளியும் மனம் இறங்கினார்.

"இனிமே நீ தனியாவே பண்ணு" என்றார். "என் பேர மட்டும் எங்கயும் போடாத."

இப்போது எனக்கென்று ஒரு சின்ன அலுவலகம் இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருக்கிறேன். வீட்டில்தான் மானம் மிஞ்சவில்லை. சமீபத்தில் ஒரு துணிக்கடையின் லிஃப்ட் பாதியில் நின்று, நான் உள்ளே மாட்டிக்கொண்டேன். பதறிப்போய் மகளுக்குப் போன் செய்தேன். வெளியே நின்றிருந்தவள் யாரையும் உதவிக்குக் கூப்பிடுவதற்கு முன் நிதானமாகக் கேட்டாள்:

"அம்மா, இதுவும் நீ டிசைன் பண்ணதா?"